வாசலை மறித்தது இரும்புத் தடுப்பு! மனு போட்டால் மட்டும் போதுமா?

காலை 6 மணி. கடை ஷட்டரைத் தூக்குகிறீர்கள்.

எதிரே தேசிய நெடுஞ்சாலை. நேற்று வரை லாரி நேராக வந்து சரக்கு இறக்கிய இடத்தில், இன்று இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தடுப்பு!

பக்கத்து டீக்கடையில் கூட்டம் கூடுகிறது. ஆளுக்கு ஒரு யோசனை.

"கலெக்டர்கிட்ட மனு குடுங்க அண்ணே" என்கிறார் ஒருவர். "எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்க" என்கிறார் இன்னொருவர். "ராத்திரியோட ராத்திரியா புடுங்கிப் போட்டுடலாம்" என்கிறது ஒரு வாலிபக் குரல்.

ரோட்டோரம் கடை, வீடு, ஷெட் வைத்திருக்கும் யாருக்கும் இந்த நிலை வரலாம். மனு கொடுப்பது தப்பில்லை. ஆனால் மனுவும் கையுமாக அலைகிற நேரத்தில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

அது 60 நாள் கெடு!

"என் பட்டா, என் வாசல்!"

"என் பட்டா நிலம். என் வாசல். ரோட்டில் இறங்க யாரைக் கேட்கணும்?" என்று கோபம் வருவது சகஜம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2002-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2005 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வாகனத்தில் நெடுஞ்சாலைக்குள் வர யாருக்கும் உரிமை கிடையாது என்கிறது அதன் 28-வது பிரிவு. நடந்து வந்தால்கூட, 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வந்தால் அனுமதி வேண்டும்!

அதிகாரிகள் பக்கமும் நியாயம் உண்டு. வேகமாக வரும் பஸ்சுக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலிலிருந்து திடீரென்று கார் மூக்கை நீட்டினால் என்ன ஆகும்? வாசலுக்கு வாசல் ரோட்டைத் திறந்துவிட்டால் அது நெடுஞ்சாலையாக இருக்காது, தெருவாகிவிடும்.

ஆனால் ஒன்று. ஏற்கனவே இருந்த வழியைத் திருப்பிவிட்டால், அதற்குப் பதில் மாற்று வழி தர வேண்டும் என்பதும் சட்டம்தான். கடைக்காரரின் பிடி இங்கேதான் இருக்கிறது.

மஞ்சளா, பச்சையா?

முதலில் அது யார் ரோடு என்று பாருங்கள். மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாநில ரோட்டுக்கு 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் தனி. ஆபீசும் தனி. ஆபீஸ் மாறி மனு போட்டால் நாள்தான் வீண்.

நோட்டீசா, ஆர்டரா?

நோட்டீஸ் வந்தால் அப்பீல் கிடையாது. பதில்தான் கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள். நகலில் சீல், தேதி வாங்கி வையுங்கள்.

அனுமதி இல்லை என்று ஆர்டர் வந்துவிட்டாலோ, நடவடிக்கையே எடுத்துவிட்டாலோ அப்பீல் செய்யலாம். எந்தெந்தப் பிரிவுகளின் கீழ் வரும் ஆர்டருக்கு அப்பீல் உண்டு என்று சட்டத்தின் 14-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அனுமதி பற்றிய 28-வது பிரிவு அதில் இருக்கிறது. அதனால் ஆர்டரில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்பதை வக்கீலிடம் முதலில் காட்டுங்கள்.

கெடு 60 நாள். ஆர்டர் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, ஆர்டர் போட்ட நாளிலிருந்து! தபாலில் 10 நாள் போனால் மிச்சம் 50 நாள்தான். ஆர்டரே தராமல் தடுப்பு வைத்துவிட்டால், வைத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பத்திரம்.

கெடு தாண்டினால்? தக்க காரணம் காட்டினால் கோர்ட்டு ஏற்கலாம். "கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தேன்" என்பது தக்க காரணமா என்பது கோர்ட்டின் கையில். அந்த விஷப்பரீட்சை எதற்கு?

எந்தக் கோர்ட்டு?

முன்பு இதற்குத் தனித் தீர்ப்பாயம் என்று சட்டத்தில் இருந்தது. 2021-ல் தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டம் வந்து அதை மாற்றியது. இப்போது அப்பீல் போக வேண்டிய இடம் மாவட்ட முதன்மை சிவில் கோர்ட்டு. செங்கல்பட்டு மாவட்டத்து இடம் என்றால் அந்த மாவட்டக் கோர்ட்டு. ஐகோர்ட்டின் அசல் சிவில் அதிகாரமும் இதில் சேருவதால், சென்னை நகருக்குள் எங்கே போடுவது என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேராக ஐகோர்ட்டில் ரிட் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் "அப்பீல் வழி இருக்க, இங்கே ஏன் வந்தீர்கள்?" என்ற கேள்வி வரும்.

கையில் என்ன வேண்டும்?

கிரயப் பத்திரம், பட்டா, நில அளவை வரைபடம், கட்டிட அனுமதி, பழைய லைசென்ஸ், தடுப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ. இவை போக, ரோட்டின் வரைபடம் வேண்டும் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. கெடுவில் பாதி அதிலேயே போய்விடும். ஆகவே முதல் நாளே கேளுங்கள்.

"என் வியாபாரம் போச்சு" என்பது மட்டும் அப்பீலில் நிற்காது. மாற்று வழி என்ன தந்தார்கள்? சர்வீஸ் ரோடு என்றால் அதில் லாரி திரும்புமா? மழைக்குத் தண்ணீர் நிற்குமா? ஆம்புலன்ஸ் வருமா? இவற்றைத்தான் போட்டோவும் அளவுமாகக் காட்ட வேண்டும்.

ராத்திரியில் தடுப்பைப் பிடுங்கச் சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை. பிடுங்கினால் பொதுச்சொத்து சேத வழக்கு வரும். நியாயம் கேட்க வேண்டியவர் அப்புறம் ஜாமீன் கேட்டு நிற்பார்!

ஆர்டர் கைக்கு வந்த அன்றே, கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுங்கள். ஆர்டரில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 60 தாள் எண்ணுங்கள். அந்தத் தாளில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள்.

மனுவுக்குப் பதில் வருகிறதோ இல்லையோ, அந்தத் தாளைக் கிழிக்கும் முன் அப்பீல் கோர்ட்டில் இருக்க வேண்டும்.