நாசிக் தூரம்... கம்பம் பக்கம்! புதுக்கோட்டையிலிருந்து ஒரு திராட்சைப் பயணம்

நாசிக் திராட்சைத் தோட்ட ரீல்ஸ் ஒன்றைத் தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் ஒரு மாதத்துக்கு போனில் அதுவேதான் வந்துகொண்டிருக்கும். மலைச்சரிவு, வரிசை வரிசையாகக் கொடிகள், கையில் கண்ணாடிக் கோப்பை. 'நம்ம பக்கம் இப்படி எதுவும் இல்லையா?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். சனிக்கிழமை விடியற்காலையில் காரை எடுத்தால், மதியச் சாப்பாட்டுக்குக் கம்பம். அங்கே மலை உண்டு, திராட்சை உண்டு, தேனி மாவட்டத்தில் தனியார் ஒயின் ஆலையும் உண்டு. அந்தக் கண்ணாடிக் கோப்பை மட்டும் கிடையாது.

அது ஏன் கிடையாது, இருந்தால் யாருக்கு லாபம் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பல வருடங்களாகப் பேசப்படும் விஷயம். முதலில் வண்டியைக் கிளப்புவோம்.

திருமயம் வழியாகப் போவது நல்லது. கிழவன் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டையை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடலாம். திருப்பத்தூர், மேலூர் தாண்டி மதுரை. ஊருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையைப் பிடித்துவிட்டால் நேரம் மிச்சம். உசிலம்பட்டியில் காலைச் சாப்பாடு. அதன்பின் ஆண்டிபட்டிக் கணவாய். அதுவரை பொட்டல் வெளியும் தனிக் குன்றுகளுமாக நமக்குப் பழகிய நிலம்தான். கணவாயைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. தேனியில் தெற்கே திரும்பினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். வலப்பக்கம் கேரள எல்லை மலைகள், இடப்பக்கம் மேகமலை. நடுவே வயல், வாழை, தென்னை, திராட்சை.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தைப் பார்த்து வளர்ந்த புதுக்கோட்டைக்காரர்களுக்கு உத்தமபாளையத்தில் ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருக்கிறது. ஊரை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். திருக்குணகிரி என்று பெயர். பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பந்தலுக்குக் கீழே

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். கல் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டி, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். நாசிக் படங்களில் பார்ப்பதுபோல வேலி மாதிரி நிற்கும் கொடிகள் அல்ல இவை. தலைக்கு மேலே பச்சைக் கூரை, அதிலிருந்து கறுப்பும் ஊதாவும் கலந்த கொத்துகள் தொங்கும். உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அருவிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து, சில தோட்டக்காரர்கள் வாசலைத் திறந்துவிட்டார்கள். சுற்றிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பழமும் ஜூஸும் வாங்கலாம். எல்லாத் தோட்டமும் அப்படி அல்ல. கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை. கொத்தில் கை வைக்காமல் இருப்பது அதைவிட மரியாதை. மருந்து தெளித்த பழமாக இருக்கலாம் என்பதால், நன்றாகக் கழுவாமல் குழந்தைகள் வாயில் போடக் கூடாது.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் உலகப் பெயர். பெங்களூர்ப் பக்கம் இதையே குலாபி என்பார்கள். கடித்தால் பன்னீர் வாசனை, கொஞ்சம் புளிப்பு கலந்த இனிப்பு, உள்ளே கொட்டை. கொட்டையைத் துப்பச் சோம்பல்படுகிறவர்களுக்கு ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சை இருக்கிறது. ஆனால் அதில் இந்த வாசனை வராது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்குக் கிடைத்த அதே ஆண்டு.

1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது, புவிசார் குறியீட்டுச் செய்திகளில் எல்லாம் சொல்லப்பட்ட கதை. பாதிரியாருக்குத் திராட்சை எதற்கு? திராட்சை ரசம் இல்லாமல் கத்தோலிக்கத் திருப்பலி இல்லை என்பதை நினைத்தால் கதை நம்பும்படியாகவே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பூஷே பாதிரியார் தேவாலயம் எழுப்பியது 1697-ல். வீரமாமுனிவரும் பணியாற்றிய இடம் அது. அந்தக் காலத்தில் பூசைக்கான ரசத்துக்கு அவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்களோ!

காத்திருக்காத பழம்

மகாராஷ்டிரத்தில் கொடியை இரண்டு முறை கவாத்து செய்து, ஒரே ஒரு அறுவடை எடுப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் பழம் தயார். ஒரு வருடத்தில் இரண்டு, மூன்று அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து தேதி மாறும் என்பதால், எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். சுற்றுலாப் பயணிக்கு இது வரம். விவசாயிக்கு எப்போதும் வரம் என்று சொல்ல முடியாது.

காரணம், பழத்தின் குணம். தோல் மெல்லிசு. பறித்த இரண்டு மூன்று நாளில் காம்பிலிருந்து உதிரத் தொடங்கிவிடும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும். ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய். நெல்லையோ மிளகாயையோ போல 'விலை வரட்டும்' என்று மூட்டை கட்டி வைக்க வழியில்லை. பழுத்த அன்று வியாபாரி சொல்வதுதான் விலை. பழம் அதிகம் போவது கேரளத்துக்கு. ஓணம், கிறிஸ்துமஸ் மாதிரி நாட்களில் கேட்பு ஏறும். பல தோட்டங்கள் ஒரே வாரத்தில் பழுத்துவிட்டால் விலை சரியும். கல் தூணும் கம்பியும் போட்டு, மருந்தும் ஆள்கூலியும் கொடுத்தவருக்கு, பறிகூலிகூடத் தேறாத வாரங்களும் வருவதுண்டு.

நம் மாவட்டத்தில் இது புதுக் கதை அல்ல. கீரமங்கலம், வடகாடு பக்கம் பலாப்பழம் ஒரே நேரத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப்பாருங்கள். முந்திரிக் கொட்டையை எடுத்துக்கொண்டு, பழத்தை மரத்தடியிலேயே அழுகவிடுவதும் நாம் பார்ப்பதுதான். அதே முந்திரிப் பழத்தில்தான் கோவாக்காரர்கள் ஃபெனி காய்ச்சி, 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். கேரளம் 2022-ல் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சிறு ஆலைகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது.

அதனால்தான், அரசே ஒயின் ஆலை தொடங்கிப் பழத்தைக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கோரிக்கை தலைகாட்டும். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த மாநிலத்தில், ஒயின் ஆலை கேட்டு விவசாயி நிற்கிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாசிக்கில் என்ன நடந்தது? திராட்சை பதப்படுத்துதலுக்கென மகாராஷ்டிர அரசு 2001-ல் தனிக் கொள்கை அறிவித்து, ஒயின் ஆலைகளுக்குச் சலுகை கொடுத்தது. அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்த சுலா நிறுவனம், 2005-ல் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் அறையைத் திறந்தது. கூட்டம் அங்கிருந்து பிடித்ததுதான். கர்நாடகமும் 2007-ல் ஒயின் கொள்கை கொண்டுவந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் தோட்டம் 1980-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். தோட்டத்து வாசலில் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து பாட்டில் விற்கும் நாசிக் பாணிக்கு இங்கே இடமில்லை. சாலையோரத்திலோ ஊட்டி, கொடைக்கானல் பக்கமோ 'வீட்டு ஒயின்' என்று யாராவது நீட்டினால் வாங்காமல் வருவதே நல்லது. உரிமம் இல்லாமல் விற்பது குற்றம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது.

மகாராஷ்டிரத்திலும் எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் அன்னா ஹசாரே எதிர்த்துக் கிளம்பினார்.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். நாசிக்கில் ஒயினாவது பெரும்பாலும் ஷிராஸ், செனின் பிளாங்க் போன்ற, அதற்கென்றே நட்ட ரகங்கள். சிறிய பழம், சர்க்கரை அதிகம். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர் தின்றுதான் சாராயச் சத்து உண்டாகிறது. சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது தோல். பன்னீர் திராட்சை முதலில் சாப்பிடுவதற்கான பழம். அதிலிருந்து ஒயின் வராது என்பதல்ல; சீனாவில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கில் ஒயின் எடுக்கிறார்கள். ஆனால் ஆலை ஒன்று வந்துவிட்டால் விலை தானாக நிமிர்ந்துவிடும் என்று நம்புவது கஷ்டம். ஆலைக்காரரும் மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் வாங்கத்தானே பார்ப்பார்! குளிர்பதனக் கிடங்கு, ஜூஸ், ஜாம், உலர் திராட்சை எல்லாம் சேர்ந்து வந்தால்தான் விவசாயி பக்கம் தராசு கொஞ்சமாவது சாயும். ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை, பந்தலடியில் நேராக விற்கும் ஒவ்வொரு கிலோவும் அவர்களுக்குப் பெரிசு. தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடக்கும்போது, முந்திரியை வறுத்து உடைத்து விற்கும் பெண்களிடம் வண்டியை நிறுத்தி வாங்குகிறோமே, அதே கணக்குதான். இடையில் யாரும் இல்லை. காசு நேராகக் கைக்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை

இரவு கம்பத்தில் தங்கிவிட்டு, காலையில் முதல் வேலையாகச் சுருளி அருவி. மேகமலையிலிருந்து இறங்கும் தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்ட காட்டுப் பகுதி இது. வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை குளிக்க விடாது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆடி அமாவாசையில் கூட்டம் அள்ளும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

அங்கிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15-ல் திறந்தார்கள். அன்று அவர் பிறந்தநாள். வருடா வருடம் அந்த நாளில் இங்கே பொங்கல் வைப்பார்கள். ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கும் கடைகளுக்கும் வைக்கும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? வானம் பார்த்த பூமியில் கண்மாயை நம்பி வாழும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்த நன்றியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மதியத்துக்குள் திரும்பக் கிளம்பிவிட வேண்டும். பழம் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை பறித்த கொத்தா என்று கேளுங்கள். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். பழத்தின் மேல் வெள்ளைச் சாம்பல்போலப் பூத்திருப்பது இயற்கையான மெழுகுப் பூச்சு, அதைத் துடைக்க வேண்டாம். பாலிதீன் பையில் திணித்தால் மேலூர் வருவதற்குள் பாதி நசுங்கியிருக்கும். வீட்டிலிருந்தே ஒரு அட்டைப் பெட்டியும் பழைய செய்தித்தாளும் எடுத்துப் போனால், ஒரே அடுக்காகப் பரப்பிக் கொண்டுவரலாம். டிக்கியில் வெயில் சூடு ஏறும். பின் சீட்டுக் காலடியில் வைப்பது பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், தின்னும்போது கழுவினால் போதும். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைத் திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள். புதன்கிழமைக்கு மேல் தாங்காது.