வண்டி நேராகத்தான் போகிறது!

மரக்காணத்துக்கு நான் போனது உப்பைப் பற்றி எழுதுவதற்காக. திரும்பி வந்து எழுதுவதோ ஸ்டியரிங்கைப் பற்றி! கத்திரிக்காய் வாங்கப் போய்க் கருணைக்கிழங்கோடு வீடு திரும்பும் கணவன்மார்களைப் பார்த்துப் பழகிய வாசகிகள் இதையும் மன்னித்து விடுவார்கள் என்ற தைரியம் எனக்கு உண்டு.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்தால், காலாப்பட்டு, கூனிமேடு எல்லாம் தாண்டிய பிறகு அனுமந்தை வருகிறது. வலது கைப் பக்கம் கடல். இன்னும் கொஞ்ச தூரம் போனால் காற்றே கரிக்கத் தொடங்கி விடும். மரக்காணத்தை நெருங்கியதும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை பேசுகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இருக்கட்டும், பழம்பெருமை பேச ஆரம்பித்தால் ஸ்டியரிங் வராது.

2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு காலை வேளை. அனுமந்தையில் என்னை ஏற்றிக் கொண்டது ஒரு பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. வண்டி ஓட்டுகிறவரே சொந்தக்காரர். சொந்தம் என்றால், மாதா மாதம் தவணை கட்டுகிற அளவுக்குச் சொந்தம். பகலில் உப்பு மூட்டை ஏற்றுவார். சாயங்காலம் அளத்தில் வேலை செய்த பெண்களை அதே தொட்டியில் ஏற்றி வந்து ஊரில் இறக்கி விடுவார். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். இது அவருக்கும் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும். எட்டு மணி நேரம் வெயிலில் நின்ற கால்களுக்குச் சட்டம் தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்தப் பெண்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி.

வண்டி கிளம்பி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. என் கண் அவருடைய கைகளின் மேல் விழுந்தது. ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு கடிகாரமாக வைத்துக் கொண்டால், நேரான சாலையில் ஒரு கை பத்திலும் ஒரு கை இரண்டிலும் இருக்கும். இவருடைய கைகள் பத்தரையிலும் இரண்டரையிலும் இருந்தன. சக்கரத்தின் நடுவில் உள்ள கம்பெனி முத்திரையும் வலது பக்கம் தலையைச் சாய்த்துக் கொண்டிருந்தது. சாலையோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்.

"ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் மேடம். வண்டி நேராத்தான் போவுது" என்றார் அவர்.

பதில் என்னவோ உண்மைதான். வண்டி நேராகத்தான் போயிற்று. ஆனால், நேராகப் போவதற்காக அவர் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் முன்பு இதே கோளாறு கொஞ்சமாகத் தலை காட்டியதாம். ஒரு பட்டறையில் முன் சக்கரங்களை 'அலைன்மெண்ட்' பார்த்து, ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டு வந்து கொடுத்தார்களாம். மூன்று வாரம் ஒழுங்காக இருந்து விட்டு மறுபடியும், முன்னைவிட அதிகமாகவே, கோணிக் கொண்டது.

"திரும்பக் கொண்டு போனா திரும்பக் காசு. கை பழகிடுச்சு, விட்டுட்டேன்" என்றார்.

கோணலுக்கும் கை பழகி விடுகிறது, பாருங்கள்!

★

வண்டியின் முன் சக்கரங்கள் திரும்புகிற சமாசாரத்துக்கு ஒரு சுவையான பூர்வ கதை உண்டு. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு முழுவதுமே நடுவில் ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். அப்படி இல்லாமல், அச்சு அசையாமல் நிற்க, சக்கரங்கள் மட்டும் தனித் தனியே திரும்பும்படி ஓர் ஏற்பாட்டைக் கண்டு பிடித்தவர் முனிச் நகரத்து வண்டித் தொழிலாளி லாங்கென்ஸ்பெர்கர். அதற்கு 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் அக்கர்மன். இன்று உலகம் முழுவதும் அந்த அமைப்புக்கு அக்கர்மன் பெயர்தான். இந்த அக்கர்மன் யார் தெரியுமா? ஒரு பத்திரிகை அதிபர்! 1809-இலிருந்து படங்கள் போட்ட மாதப் பத்திரிகை ஒன்றை நடத்தியவர். அதில் வந்த பெண்களின் உடை அலங்காரப் படங்கள் அந்தக் காலத்துச் சீமாட்டிகளிடையே வெகு பிரசித்தம். ஆகையால், பெண்கள் படிக்கும் பத்திரிகையில் ஸ்டியரிங்குக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கக் கூடாது.

ஸ்டியரிங்கிலிருந்து முன் சக்கரங்களுக்குப் போகும் இரும்புத் தண்டுகளுக்கு 'டை ராடு' என்று பெயர். நுனியில் மரை இருக்கிறது. திருகினால் நீளும், எதிர்ப் பக்கம் திருகினால் குறையும். ஒரு தண்டை நீட்டி மறு தண்டை அதே அளவு குறைத்தால், சக்கரங்கள் நேராக நிற்கும் போதே ஸ்டியரிங் மட்டும் நடுவுக்கு வந்து விடும். பள்ளத்தில் விழுந்தோ, நடைபாதை ஓரத்தில் மோதியோ தண்டு வளைந்தால், அல்லது அதன் நுனி மூட்டு தேய்ந்தால், ஸ்டியரிங் கோணிக் கொள்ளும். நம் வீட்டுக் கார்களில் வருகிற கோணல் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இன்னொரு குறுக்கு வழியும் பட்டறைகளில் உண்டு. ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டி விடுவது. கண்ணுக்கு நேராகி விடும். சுவரில் விரிசலுக்கு மேல் காலண்டர் மாட்டுகிற வைத்தியம் இது! பல பிக்கப்களிலும் லாரிகளிலும் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருக்கும் பற்கள், சரியாக நடுவில் இருக்கும் போதுதான் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. நடு தவறினால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் தளர்ந்து ஆடும். இந்நாள் வண்டிகளிலோ அந்தச் சக்கரத்துக்குள் காற்றுப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தெரியாதவர் கை வைத்தால் முகத்தில் வெடிக்கும். பல கார்களில் ஸ்டியரிங் எத்தனை பாகை திரும்புகிறது என்று அளந்து சொல்ல ஒரு மின்சாரக் கருவி வேறு. அதற்கும் புதிய நடுவைச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

★

நம்முடைய பிக்கப்புக்கு வருவோம்.

அளத்துக்குப் போகிற மண் பாதையில், வாய்க்கால் கசிந்து ஓரிடத்தில் களிமண் நனைந்து கிடந்தது. வண்டி அதன் மேல் ஏறி இறங்கி நின்றது. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்து கொண்டிருந்த அவர் மனைவி கூடையை இறக்கி வைத்து விட்டு, நனைந்த இடத்தில் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. முன்னெல்லாம் பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்து மேலேயே வுழுந்து அதை அழிச்சிடும். இப்ப பக்கத்துலயே இன்னொரு கோடு வுழுதே!"

"ஈர மண்ணு, வழுக்கியிருக்கும்" என்றார் கணவர்.

"வழுக்கினா ஒரு எடத்துல வழுக்கும். இது நெடுக அப்படியே இருக்குது. நாலு வெரலு. நீங்களே பாருங்கக்கா" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

பார்த்தேன். பின் சக்கரத் தடங்கள் இரண்டுமே, முன் சக்கரத் தடங்களுக்கு வலது பக்கமாக நாலு விரற்கடை விலகி, பிசகாமல் கூடவே ஓடி வந்திருந்தன. தினமும் விடியற்காலையில் வாசலில் இழை கோலம் போடுகிற கை அல்லவா? ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு சரியாக விழவில்லை என்றால் கண் உறுத்தாமல் இருக்குமா?

தெரு நாய் ஓடுவதைப் பின்னால் நின்று கவனித்திருக்கிறீர்களா? தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாக, உடம்பைச் சற்றே சாய்த்துக் கொண்டுதான் ஓடும். ஆனால், போவது நேர்ப் பாதைதான். அந்த வண்டியும் அப்படித்தான் ஓடிக் கொண்டிருந்தது.

★

மனைவியின் பிடிவாதத்தால் மத்தியானமே வண்டி மரக்காணத்தில் ஒரு பட்டறைக்குப் போயிற்று. நானும் ஒட்டிக் கொண்டேன். மேஸ்திரி வயதானவர். ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான்.

"கையை விட்டா ஒரு பக்கமா இழுக்குதா?"

"இழுக்குது, கொஞ்சம் இடது பக்கமா."

"சாலையிலே மட்டுமா, சமமான தரையிலேயுமா?"

இந்தக் கேள்வியின் நுட்பம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையின் நடு முதுகைச் சற்றே உயர்த்திப் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் போகிறவர்கள். ஆகவே எந்த வண்டியும் கொஞ்சம் இடது சரிவுக்கு இறங்கப் பார்க்கும். அதைக் கோளாறு என்று எண்ணி ஏமாறக் கூடாது. சமமான தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்து விட வேண்டும். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு பக்கத்துப் பிரேக் விடாமல் உரசிக் கொண்டிருந்தாலும் அப்படியே. இந்த இரண்டும் இல்லை என்று தீர்ந்தது.

அடுத்தபடியாக மேஸ்திரி முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தேய்த்தார். உள்ளே போகும் போது வழவழப்பு, வெளியே வரும் போது சொரசொரப்பு என்று இருந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை என்று அர்த்தமாம். வெல்வெட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி. நானும் தடவினேன். வித்தியாசம் தெரியவில்லை. "முன்னாடி குத்தமில்லே" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு ஒரு சணல் கயிறு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பி முன் சக்கரங்களை நேராக நிறுத்தச் செய்தார். இடது பக்கம் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சு. அதே கயிறு வலது பக்கம். முடிச்சு எட்டவில்லை! இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுந்தது. அதாவது, வலது பக்கத்துப் பின் சக்கரம் அந்த அளவுக்குப் பின்னால் போயிருக்கிறது. அல்லது முன் சக்கரம் முன்னால் வந்திருக்க வேண்டும். அந்தச் சந்தேகத்தையும் விட்டு வைக்கவில்லை. பின்பக்கத்து வில் பட்டை சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டிலிருந்து பின் அச்சு வரை இரண்டு பக்கமும் அளந்தார். அதே வித்தியாசம். குற்றவாளி பின்னால்தான்.

பின் அச்சு வில் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் விதம் இது. வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே துளை போட்டு ஒரு போல்ட்டால் கோத்திருக்கும். அதுதான் சென்டர் போல்ட். அதன் தலை அச்சிலுள்ள ஒரு குழியில் போய் உட்காரும். அச்சு முன்னே பின்னே நகராமல் இருப்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால், பாரத்தைத் தாங்கி இறுக்கிப் பிடிப்பவை 'யூ' எழுத்துப் போல் வளைந்த போல்ட்டுகள். யூ போல்ட் தளர்ந்தால் அத்தனை சுமையும் சென்டர் போல்ட்டின் மேல் விழும். சின்ன போல்ட், பாவம், எத்தனை நாள் தாங்கும்? துண்டாகி விடும். அப்புறம் ஒவ்வொரு முறை பிரேக் போடும் போதும் அந்தப் பக்கத்து அச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவும். பின் சக்கரங்கள் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். ஓட்டுகிறவர் அதை ஈடு கட்ட ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிப்பார். முதல் பட்டறையில் முன் சக்கரங்களை மட்டும் பார்த்து நேராக்கினார்கள் அல்லவா? அச்சு அதற்குப் பிறகும் நகர்ந்து கொண்டே இருந்தது. சரி செய்த பிறகும் ஸ்டியரிங் மறுபடி கோணுகிறதென்றால் எங்கேயோ ஏதோ ஒன்று இன்னும் நழுவுகிறது.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, வலது பக்கத்து யூ போல்ட்டின் நட்டைப் பிடித்தார். ஸ்பானரே வேண்டியிருக்கவில்லை. விரலால் சுற்றினார், சுற்றியது! மரையெல்லாம் துரு உதிர்ந்து பொடியாகக் கையில் வந்தது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. இந்த வண்டியும் சில நாள் தண்ணீரில் நின்றதாம். அதற்கு முன்னும் பின்னும் வருஷக் கணக்கில் உப்பு மூட்டைகளிலிருந்து கசிந்த நீர் அடியில் வடிந்து கொண்டே இருந்திருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக் கொள்ளும். இரும்பு காயவே காயாது. உப்பு ஏற்றுகிறவர்கள் வண்டியின் மேல் பக்கத்தை வாரம் தவறாமல் கழுவிப் பொட்டு வைக்கிறார்கள். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறவர்கள் எத்தனை பேர்?

"இப்படியே ஓட்டியிருந்தால்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு பள்ளம் போதும்மா. அச்சு ஒரு பக்கம் கழண்டு திரும்பிக்கும். கார்டன் ஷாஃப்ட் பிடுங்கிக்கும், பிரேக் குழாய் அறுந்துடும். பாரத்தோட வேகமா வந்தா வண்டி கவுந்துடும்" என்றார் அவர், தேநீரை ஆற்றிக் கொண்டே.

வண்டிக்காரர் ஒன்றும் பேசவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தொட்டியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று மனசுக்குள் எண்ணிக் கொண்டிருந்தாரோ என்னவோ.

புது சென்டர் போல்ட், இரண்டு பக்கமும் புது யூ போல்ட்டுகள். ஒரு முறை இறுக்கிய யூ போல்ட்டைக் கழற்றினால் மறுபடி போடக் கூடாதாம். எல்லாம் முடிய இருட்டி விட்டது. சில நூறு கிலோமீட்டர் பாரத்தோடு ஓடிய பின் மறுபடி வந்து இறுக்கிக் கொண்டு போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார் மேஸ்திரி. பின் அச்சு தன் இடத்துக்கு வந்ததும் முன்னால் பழைய பட்டறைக்காரர் செய்திருந்த திருத்தமே இப்போது கோளாறாகி விட்டது. அதையும் கலைத்துச் சரி செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுக் காரில் இப்படிக் கோணல் தெரிந்தால், அலைன்மெண்ட் பார்க்கிற இடத்தில் நாலு சக்கரங்களையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். முன்னால் இரண்டை மட்டும் அளந்து விட்டு ரசீது எழுதுகிறவர்கள் உண்டு. வாசல் தெளித்த ஈரத் தரையில் கார் நேராக வரும் போது தடத்தைப் பார்ப்பதற்கோ காசு செலவில்லை.

மறு நாள் காலை மறுபடியும் அதே வண்டியில், அதே சாலையில் கிளம்பினோம். இந்த முறை கணவருக்கும் எனக்கும் நடுவில் மனைவியும் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டியதும் வண்டி சாலையின் நடுக் கோட்டை நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது. பழக்க தோஷம்! கைகள் பழையபடி பத்தரையிலும் இரண்டரையிலும் இருந்தன.

"கையை நேரா புடிங்க" என்று அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள் அவள். மரக்காணம் போய்ச் சேருவதற்குள் இன்னும் மூன்று தட்டுகள் விழுந்தன.