பலூனா, டப்பாவா, அட்டையா? ஏர்கன்னில் குறி பார்க்கும் முன் பின்னாடி பாருங்க!

சென்னை:
மெரினாவுக்குப் போனால் சுண்டல், பஜ்ஜி, குதிரை சவாரி... அதற்கு அடுத்து நம்மவர்களுக்குப் பிடித்தது பலூன் சுடுவதுதான். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன், கையில் ஒரு பழைய ஏர்கன். 'டப்' என்று ஒன்று வெடித்தால் போதும், பெரியவர்களும் குழந்தையாகி விடுகிறார்கள்.

இந்த ஆசையில் சிலர் சொந்தமாகவே ஏர்கன் வாங்கி விடுகிறார்கள். தோட்டத்திலோ, மொட்டை மாடியிலோ வைத்துச் சுட்டுப் பழகுகிறார்கள். துப்பாக்கியைத் தேடித்தேடி வாங்குபவர்கள், எதைச் சுடுவது என்பதில் மட்டும் கோட்டை விடுகிறார்கள். கையில் கிடைத்த பாட்டில், கல், சுவர் எல்லாமே குறிதான். ஆபத்து ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பாட்டில் வேண்டாம்... சுவரும் வேண்டாம்!

ஏர்கன்னில் போடும் ரவை ஈயத்தால் ஆனது. வழக்கமான அளவு 4.5 மில்லி மீட்டர். சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். குறி தவறினால் நூற்றுக்கணக்கான அடி தூரம் பறக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

சிமெண்ட் சுவர், கருங்கல், உருண்டையான இரும்புக் குழாய் போன்றவற்றில் பட்டால் ரவை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரலாம். கண்ணாடி பாட்டில் உடைந்தால் சில்லு சிதறும். அன்று தப்பித்தாலும், மறுநாள் அங்கே வெறுங்காலில் ஓடும் குழந்தையின் காலைக் கிழிக்கும்.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் டப்பாவை வைத்துச் சுடுவது ரொம்பவே தப்பு. குறி ஒரு அங்குலம் மேலே போனால் ரவை நேராக அடுத்த தெருவுக்குத்தான் போகும்.

செலவில்லாத குறி

நல்ல குறிக்கு இரண்டு வேலை. ஒன்று, ரவையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டு, அது எங்கே பட்டது என்று காட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரு அட்டைப்பெட்டியும் பழைய பேப்பரும் போதும்.

கெட்டியான அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள், வாரப் பத்திரிகைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி இறுக்கமாக நிரப்ப வேண்டும். பின்பக்கம் ஒரு கனமான பிளைவுட் பலகை. முன்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தால் குறி ரெடி.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் நடுவில் பள்ளமாகி, ரவை பின்பக்கம் வந்துவிடும். அதனால் பெட்டியை அவ்வப்போது திருப்பிப் பார்க்கணும். ஓட்டை தெரிந்தால் பேப்பரை மாற்றணும். பேப்பருக்குப் பதில், கல் இல்லாமல் சலித்த மணலை மரப்பெட்டியில் நிரப்பியும் வைக்கலாம்.

'சத்தத்தோட உடைஞ்சாதான் ஜாலி' என்பவர்களுக்கு சாக்பீஸ், பிஸ்கெட், மண் அகல் விளக்கு இருக்கிறது. பட்டதும் பொடிப்பொடியாகும். காலியான அலுமினிய குளிர்பான டின்னை நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் நன்றாக ஆடும். ஆனால் இவை எதுவுமே ரவையை நிறுத்தாது. பின்னால் அந்த அட்டைப்பெட்டியோ மணலோ கட்டாயம் வேண்டும்.

பலூனும் அப்படித்தான். கடற்கரையில் சுட்டால் கிழிந்த ரப்பரைப் பொறுக்கி குப்பையில் போடணும். ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது.

கடையில் வாங்கினால்...

விளையாட்டுப் பொருள் கடைகளில் அச்சடித்த அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கான அட்டை 80 மில்லி மீட்டர் சதுரம்தான். அதன் நடுவில் இருக்கும் 10 மார்க் புள்ளியின் அளவு வெறும் அரை மில்லி மீட்டர்! சுடும் ரவையே அதைவிட 9 மடங்கு பெரிது. ரவை அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 மார்க்.

2008ம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். இப்போது பெரிய போட்டிகளில் மின்னணு குறிகள் வந்துவிட்டன. பழகுவதற்கு இன்றும் காகித அட்டையே போதும்.

மூக்கு தட்டையான ரவை, அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் சுத்தமான ஓட்டை போடும். கூர் மூக்கு ரவை காகிதத்தைக் கிழித்துவிடும். மார்க் எண்ணப் போகிறவர்கள் தட்டை மூக்கு ரவையை வாங்குவது நல்லது.

பலூனை விட அட்டை ஏன் மேல்? பலூன் வெடிக்காவிட்டால் ரவை எங்கே போச்சுன்னே தெரியாது. அட்டையில் ஓட்டை தெரியும். ஐந்து ஓட்டையும் இடப்பக்கம் ஒரே இடத்தில் இருந்தால் கை மேல் குற்றமில்லை, துப்பாக்கியின் குறிமுனைதான் விலகியிருக்கிறது. நாலா பக்கமும் சிதறியிருந்தால் கையையும் மூச்சையும் நிதானப்படுத்தணும்.

சுழலும் இரும்புத்தட்டு, பட்டதும் சாயும் பொம்மை, ரவையைப் பிடிக்கும் இரும்புக் கூண்டு ஆகியவையும் விற்கிறார்கள். கூண்டில் சாய்வான தகடு இருக்கும். ரவை அதில் மோதி கீழே விழுந்துவிடும். இரும்பைச் சுடும்போது குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்கணும். கண்ணாடி அணிவது கட்டாயம். ரவைக்குப் பதிலாக சைக்கிள் பால்ரஸ் போட்டு இரும்பைச் சுடவே கூடாது. அது வேகமாகத் திரும்பி வரும். துப்பாக்கிக் குழலும் கெட்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 20 ஜூலுக்கு மேல் சக்தி உள்ள அல்லது 4.5 மில்லி மீட்டரை விடப் பெரிய குழல் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழ் என்றாலும் குருவி, அணில் பக்கம் திருப்பும் வேலையே வேண்டாம். கிளி, மைனா, கொக்கு எல்லாம் 1972ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சுட்டால் ஜெயில்தான்.

இன்னொரு முக்கிய விஷயம். ஈயம் உடலுக்குக் கெடுதல். ரவையை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கத்தை விட்டுவிடணும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவணும். பலூன் சுட்ட கையோடு சுண்டல் பொட்டலத்தைப் பிரிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பலூனோ, அகல் விளக்கோ, அரை மில்லி மீட்டர் புள்ளியோ... எதைச் சுட்டாலும் விசையில் விரல் வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். 'இது தப்பினால், ரவை எங்கே போய் நிற்கும்?' பதில் தெரியவில்லை என்றால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவதே நல்லது.