ஈரம் காயும் வரையில்

புளியங்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சென்னையில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், முன்பின் அறியாத பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வந்தாளாம். வழியில் அங்கங்கே திண்ணைகளிலும் படிக்கட்டுகளிலும் உட்கார்ந்து எல்லோரும் நீர்வர்ணத்தில் சித்திரம் தீட்டினார்களாம். அவள் கொண்டுவந்து காட்டிய காகிதத்தில் குளமும் கோபுரமும் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தனவே தவிர, இது இன்னதென்று சுட்டிக்காட்டும்படி எதுவும் இல்லையாம். "ஊரைச் சுற்றிப் பார்க்கக் கால் இருந்தால் போதாதா? வர்ணப் பெட்டி எதற்கு?" என்று கேட்கிறார். அந்த நடைக்கு மகள் கட்டிய கட்டணத்தைக் கடிதத்தில் இரண்டு இடங்களில் குறிப்பிட்டிருப்பதால், அவருடைய கோபத்தின் வேர் எங்கே இருக்கிறதென்பது எனக்கு விளங்காமல் இல்லை.

நடந்துபோய் ஊரைப் பார்ப்பதும், பார்த்ததை நீரிலே கரைத்த வர்ணத்தால் அந்த இடத்திலேயே எழுதி வைப்பதும் நேற்று முளைத்த நாகரிகமல்ல. 1786-இல் கல்கத்தாவில் வந்திறங்கிய தாமஸ் டேனியல், தம் சகோதரர் மகன் வில்லியமை உடன் அழைத்துக்கொண்டு 1792-இல் சென்னையிலிருந்து தெற்கே பிரயாணம் புறப்பட்டவர், கன்னியாகுமரி வரையில் வழியெல்லாம் நின்று நின்று எழுதிய சித்திரங்களே, பிற்பாடு லண்டனில் 144 காட்சிகளாக வெளிவந்த அவர்களுடைய பெரிய தொகுதியில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டன. நம்முடைய பாபநாசத்து அருவியும், களக்காட்டின் பக்கத்திலிருந்து தெரியும் கன்னியாகுமரி மலைமுனையும் அந்தத் தொகுதியில் இருக்கின்றன. அவர்களுக்குச் சற்று முன்னால்தான் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள், அரைத்துக் குழைத்த வர்ணத்தைச் சிறு வில்லைகளாக வார்த்துக் காயவைக்கும் உபாயத்தைக் கண்டு, 1781-இல் அதற்காக வெள்ளிப் பரிசும் பெற்றிருந்தார்கள். அம்மியும் குழவியும் இல்லாமல் சித்திரக்காரன் வீதிக்கு வர முடிந்தது அந்த வில்லையால்தான்.

நம் நாட்டிலும் அந்தப் பழக்கம் அறுந்துபோய்விடவில்லை. பிற்காலத்தில் வேறு பாதையில் சென்று 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கிய கே. சி. எஸ். பணிக்கர், ஆரம்ப நாட்களில் நீரோடைகளையும் தென்னைகளையும் நீர்வர்ணத்தில் எழுதிக்கொண்டிருந்தவரே. விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்குச் சித்திரம் வரைந்த சில்பியோ, ஊர் ஊராகப் போய்ச் சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து அதை வரைவதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார். 2004-இல் சென்னையில் மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் தொடங்கிய பிறகு பழைய வீதிகளில் கூட்டமாக நடந்துபோய் வரலாறு கேட்கும் வழக்கம் பெருகிற்று. 2007-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பத்திரிகைச் சித்திரக்காரர் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிவைத்த, ஊரை ஊரிலேயே உட்கார்ந்து வரைவோர் இயக்கம் உலகமெங்கும் பரவிற்று. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நம் வாசகருடைய மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தாள்.

அந்த வர்ணப் பெட்டியில் இருப்பது என்ன? பொடி, பிசின், ஈரம் காக்கும் பொருட்டுத் தேனோ கிளிசரினோ ஒரு சொட்டு, வேறொன்றுமில்லை. பிசின், கருவேலத்தின் ஆப்பிரிக்கச் சுற்றமான ஒரு மரத்தில் வடிவது. சிறுவயதில் கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் கண்ணாடி போல் உறைந்து நின்ற பிசினைக் கிள்ளிவந்து பட்டம் ஒட்டியவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த நாட்டுக் கருவேலை விரட்டிவிட்டுச் சீமைக் கருவேல் கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டதைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை முடியாது. பொடிகளிலோ மிகப் பழையவை மண்தான். செம்மண்ணின் சிவப்பும் மஞ்சள் காவியின் மஞ்சளும் இரும்பு கொடுத்த நிறங்கள். மஞ்சள் காவியைச் சட்டியிலிட்டு வறுத்தால் அதிலுள்ள நீர் நீங்கிச் சிவப்பாகிவிடும். தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களில் எங்கள் சங்கரன்கோவில் மண்ணுக்குரியது. புற்றுமண்ணே இங்கே பிரசாதம். அதை நான் வர்ணமாக அரைத்ததில்லை, அரைக்கவும் மாட்டேன். நெற்றிக்கு உரியது நெற்றிக்கே என்று என் பாட்டி சொல்லி வளர்த்தவன் நான். ஆனால் ஊருக்கு வெளியே கிடக்கும் சாதாரணச் செம்மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கனத்த மணல் கீழே தங்கியதும் மேலே நின்ற கலங்கலை மட்டும் வடித்துக் காயவைத்துப் பிசின் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். கடையில் விலை கொடுத்து வாங்கும் காவி வர்ணத்துக்கு அது ஒரு படியும் தாழ்ந்ததில்லை.

இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். வெகு காலமாக என் மனத்தைப் பிடித்து வைத்திருக்கும் விசித்திரம் வேறொன்று.

நான் முப்பது வருஷம் பருத்திக் கமிஷன் மண்டியில் கணக்கெழுதியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் பேரேட்டின் மேலே காப்பி டவராவை வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால், கரும்பழுப்பில் ஒரு வட்டம், அதனுள்ளே ஏறக்குறைய வெறுங்காகிதம். முதலாளி திட்டியது ஒரு பக்கம் இருக்க, சிந்திய காப்பி முழுவதும் ஏன் ஓரத்துக்குப் போய் ஒதுங்கிற்று என்பது அன்று முதல் எனக்குத் தீராத வியப்பாயிற்று. டவராவின் அடிவிளிம்புதான் வட்டம் போட்டது என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். பாத்திரமே படாமல் தெறித்து விழுந்த சொட்டும் அதேபோல் ஓரம் கட்டிக் காய்ந்ததற்கு அவர்களிடம் பதில் இல்லை. நெடுநாள் கழித்து மறுபடியும் நீர்வர்ணம் பழகத் தொடங்கியபோது, காகிதத்தில் வைத்த ஒவ்வொரு துளியும் அதே பேரேட்டுக் கறையைப் போல் ஓரம் கறுத்துக் காய்ந்தது.

காரணத்தை ஒழுங்காக எடுத்துச் சொன்னவர்கள் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் டீகனும் அவருடைய கூட்டாளிகளும், அதுவும் 1997-இல்தான். மனிதர் காப்பி குடிக்கத் தொடங்கி எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து! ஆடித்தபசுத் திருவிழா நாளில் எங்கள் ரத வீதியைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் சொன்னது சுலபமாக விளங்கும். அம்பாளைத் தரிசித்துப் பருத்தியும் நெல்லும் வற்றலும் சூறைவிட்ட ஜனங்கள் வீதி கொள்ளாமல் நிற்கும்போது, ஓரத்தில் இருப்பவர்கள்தாம் முதலில் சந்து பொந்துகளில் நழுவிவிடுகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப நடுவில் நிற்பவர்கள் ஓரத்தை நோக்கி நகர்கிறார்கள். நகரும்போது காலில் தட்டுப்படும் ஒற்றைச் செருப்பையும் தேங்காய் மூடியையும் ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கூட்டம் கலைந்த பிற்பாடு வீதியின் நடு வெறிச்சென்று கிடக்க, வீட்டுச் சுவர்களை ஒட்டிக் குப்பை மேடிட்டிருக்கிறது. துளியிலும் நடப்பது இதுவே. துளியின் ஓரம் காகிதத்தின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு உள்வாங்க மாட்டாமல் நிற்கிறது. நடுவைக் காட்டிலும் ஓரத்திலே நீர் சீக்கிரம் ஆவியாகிறது. இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடுகிற நீர் வர்ணத் துகளைச் சுமந்துபோய் அங்கே இறக்கிவைத்துவிட்டுத் தான் மட்டும் காற்றோடு போய்விடுகிறது. 2011-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், துகள் உருண்டையாக இல்லாமல் நீண்டிருந்தால் நீரின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று பிணைந்து நின்றுவிடுகிறது, ஓரம் கட்டுவதில்லை என்று கண்டார்கள்.

சித்திரக்காரர்களுக்கு விஞ்ஞானம் தெரியாதே தவிர விஷயம் தெரிந்திருந்தது. ஒரே சீரான நிறம் வேண்டுமானால் அட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக நிறைநீர்த் தூரிகையால் பட்டை பட்டையாக இழுத்து, அடியில் திரளும் நீரை அடுத்த பட்டைக்குள் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிட வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் இதை 'வாஷ்' என்பார். பாதியில் கையை எடுத்தவனுக்குப் பிரம்படி விழும். ஓரம் கறுப்பதே வேண்டுமென்று விரும்பினால், துளியைத் தாராளமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படியானாலும் ஒரு வர்ணம் காயாமல் அதன்மேல் அடுத்ததை வைக்கலாகாது. வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். எண்ணெய் வர்ணத்தில் தவறின்மேல் வெள்ளையைப் பூசி மறைத்துவிடலாம். இதில் வெள்ளை என்பது காகிதமேயாகையால், விட்டுவைத்தால்தான் உண்டு.

நடையையும் வர்ணத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. வெறுமே நடக்கிறவன் எங்கள் சங்கரன்கோவில் ராஜகோபுரத்தை ஒன்பது நிலை, 125 அடி என்று கேட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறான். கைபேசியில் படம் எடுக்கிறவனுக்கு அந்த எண்ணிக்கைகூட மிஞ்சுவதில்லை. கீழ ரத வீதிப் பக்கம் உட்கார்ந்து வானத்துக்கு ஒரு வாஷ் கொடுத்தவனோ, அது காய்கிற பத்து நிமிஷம் வேறு வேலையே இல்லாமல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவனாகிறான். நிலைக்கு நிலை அகலம் எவ்வளவு குறைகிறது, வாசல்கள் எப்படிச் சிறுத்துக்கொண்டே போகின்றன, இளவெயில் எந்தப் பொம்மையின் மூக்கில் முதலில் விழுகிறது என்பதெல்லாம் அவனுக்கு அப்போதுதான் தென்படுகின்றன. போன மாசி மாதத்தில் எங்கள் தெருக் குழந்தைகள் நால்வரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, காகிதம் காய்வதற்காக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், திடீரென்று, "தாத்தா, நெழல் கறுப்பா இல்லையே, ஊதாவால்லா இருக்கு!" என்றாள். வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானமே என்பதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளும் எந்தப் பாடத்திலும் படித்திருக்கவில்லை.

எங்கள் கோயிலின் சங்கரநாராயணர் சந்நிதியை நினைத்துக்கொண்டும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால் என்று நிற்கிற அந்த மூர்த்தியில் கோடு கிழித்துப் பிரித்துக் காட்டுவது சிற்பியின் வேலை. ஈரக் காகிதத்தில் செம்மையையும் நீலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது எங்கே முடிந்தது என்று வைத்தவனாலேயே சொல்ல முடியாது.

வாசகருடைய கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. நடை என்ற பேரில் மன்னர் பெயர்களை ஒப்பித்துக்கொண்டு ஓடுகிறவர்களும், பயிலரங்கு என்ற பேரில் முன்கூட்டியே அச்சடித்த கோபுரத்தைக் கையில் கொடுத்து உள்ளே வர்ணம் நிரப்பச் சொல்கிறவர்களும் எங்கும் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பலாமே, ஊர் எதற்கு? இதைவிட என்னை வருத்துவது, பிள்ளைகளுக்கு இலவசமாகவே கிடைக்க வேண்டியது கட்டணமாயிற்றே என்பதுதான். டிராயிங் பீரியட் என்ற ஒன்று பல பள்ளிக்கூடங்களில் கால அட்டவணையில் மட்டும் உயிரோடிருக்கிறது. மணி அடித்ததும் உள்ளே வருகிறவர் கணக்கு வாத்தியார். கண்ணைப் பழக்காமல் வளர்த்த பிள்ளைதான் பெரியவனானதும், நூறு வருஷத்துக் கல்தூணில் எனாமல் பெயிண்டைப் பூசுகிறான். மண்டபத்தின் முகப்பை மறைத்துப் பிறந்தநாள் பிளெக்ஸ் கட்டுகிறான். எதை மறைத்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது, ஏனெனில் அவன் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. கோயில்களுக்குள் கைபேசி கூடாதென்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது அலுத்துக்கொண்டவர்கள் பலர். பென்சிலோடு ஒரு மூலையில் உட்கார்ந்த என்னை இதுவரையில் எவரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை.

ஆகையால், புளியங்குடி வாசகரே, மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்களும் அவளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். கட்டணம் ஒன்றும் கிடையாது. ஆனி, ஆடி மட்டும் வேண்டாம். மேல்காற்று அடிக்கிற அடியில் தூரிகை கீழே வருவதற்குள் மேலே காய்ந்துவிடும், காகிதமே பறந்து போனாலும் போகும். தை, மாசி உத்தமம். ஆறரை மணிக்குள் கோபுர வாசலுக்கு வந்துவிட்டால், ரத வீதி நான்கையும் சுற்றி, ஊரின் மேல்புறம் போய், மேற்குத் தொடர்ச்சி மலை நீலத்தின்மேல் நீலமாக மங்கிக்கொண்டு போவதையும் எழுதிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். பரீட்சை அட்டை ஒன்று, கனமான காகிதம் நாலு தாள், பழந்துணி, தண்ணீர் டம்ளர் இரண்டு கொண்டுவாருங்கள். குடிக்கும் டம்ளரைத் தனியாக, வலக்கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். நான் தூரிகை கழுவிய தண்ணீரை இதுவரையில் மூன்று தடவை குடித்திருக்கிறேன்.