உடம்பில் இருந்தால்தான் கவசம்

சிறிய பாய்மரப் படகுகளில் ஆர்வம் பெருகிவருகிறது. பாதுகாப்புச் சாதனங்களும் விதவிதமாகக் கிடைக்கின்றன. ஆனால் எதை வாங்குவது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. வாங்கியது ஆபத்து வேளையில் எங்கே இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

ஹைதராபாத்தின் ஹுசேன் சாகராக இருந்தாலும் சரி, போபாலின் மேல் ஏரியாக இருந்தாலும் சரி, பாய்மரப் படகோட்டக் கற்க வரும் சிறுவர்களுக்கான ஆரம்பப் பாடங்களில் ஒன்று கவிழ்வது. கரைக்குப் பக்கத்திலேயே, பயிற்சியாளரின் விசைப்படகு அருகில் நிற்க, படகை வேண்டுமென்றே சாய்த்து நீரில் விழ வேண்டும். பிறகு சுற்றி நீந்தி வந்து, கவிழ்ந்த படகின் அடியில் துருத்தி நிற்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கி, தன் எடையாலேயே படகை நிமிர்த்த வேண்டும். உள்ளே ஏறித் தண்ணீரை வாரி இறைக்க வேண்டும். அதன் பிறகுதான் காற்று, பாய், வேகம் எல்லாம்.

சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் வெறும் 2.3 மீட்டர். குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியது போல இருக்கும். ஆனால் அந்த வகைப் படகுக்கான சர்வதேச விதிகள் பாதுகாப்பு விஷயத்தில் படு கறார். ஓட்டுபவர் மிதவைச் சட்டை அணிந்தே ஆக வேண்டும். அதில் ஒரு ஊதல் கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் குவளையும் துடுப்பும் படகோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். இழுத்துச் செல்ல, குறைந்தது 8 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் கயிறு வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது 'கட்டியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனை. கைக்கு எட்டாத சாதனம் இல்லாத சாதனம்.

இது சிறுவர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி, தனியாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். 2018இல் கோல்டன் குளோப் போட்டியில் 'துரியா' என்ற 32 அடிப் படகில் சென்றார். செப்டம்பர் 21ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அந்தப் படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. டோமியின் முதுகெலும்பும் முறிந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில், நகர முடியாமல் படகுக்குள் கிடந்தார். அபாய அறிவிப்புக் கருவியை இயக்க முடிந்தது. கைவசம் இருந்த செயற்கைக்கோள் கருவி வழியே சிறு செய்திகளை அனுப்ப முடிந்தது. மாற்று செயற்கைக்கோள் போனும் கையடக்க ரேடியோவும் அவசரகாலப் பையில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்தப் பை இருந்த இடத்துக்கு அவரால் போக முடியவில்லை. இந்தியக் கடற்படை விமானம் அவரது படகைக் கண்டுபிடித்தது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 24ஆம் தேதி, பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டது. முதுகில் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் கடலுக்குப் போய், அதே போட்டியில் 2023இல் இரண்டாவதாக வந்தார் என்பது தனிக் கதை.

ஏரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படகோட்டுபவருக்கு அந்தப் புயல் வரப்போவதில்லை. ஆனால் அந்தப் பையின் பாடம் அவருக்கும் பொருந்தும்.

பாடம் தேவைப்படுவோர் எண்ணிக்கையும் கூடிவருகிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்தியா இந்தப் பிரிவில் மூன்று பதக்கங்கள் வென்றது. போபால் பயிற்சிப் பள்ளியில் உருவான நேஹா தாக்கூர் பெற்றது வெள்ளி. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் திகைத்து நிற்பது கடையில்தான்.

எத்தனை நியூட்டன்?

லைஃப் ஜாக்கெட் என்று பொதுவாகச் சொல்லப்படும் பொருளில் இரண்டு வகை உண்டு. வித்தியாசத்தைச் சொல்வது உள்பக்கத் துணியில் அச்சிட்டிருக்கும் ஓர் எண். அது நியூட்டன் கணக்கில் மிதக்கும் திறன். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தூக்கி நிறுத்தும் சக்தி.

50 நியூட்டன் கொண்டது மிதவைச் சட்டை. நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும் நீர்நிலைக்கு, இது போதும். கை வீசவும் குனியவும் கவிழ்ந்த படகின் மேல் ஏறவும் இடைஞ்சல் இல்லாததால் போட்டிப் படகோட்டிகள் அணிவது இதைத்தான். ஆனால் மயங்கி முகம் குப்புற விழுந்தவரை இது திருப்பிப் போடாது. அந்த வேலையைச் செய்வது காலர் வைத்த லைஃப் ஜாக்கெட். அமைதியான நீருக்கு 100 நியூட்டன், திறந்த கடலுக்கு 150, கனமான உடையோடு மோசமான கடலில் செல்பவருக்கு 275. நீந்தத் தெரியாத சின்னக் குழந்தைக்கும் காலர் வைத்ததே சரி.

அப்படியானால் எல்லோருமே 150 வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. கப்பல்களில் வைத்திருக்கும் பெரிய ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சிறிய படகில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவ முடியாது. தண்ணீர் பட்டதும் தானாகக் காற்று நிரம்பும் ஜாக்கெட் கடல் பயணத்துக்கு அருமையானது. அடிக்கடி கவிழும் சின்னப் படகில் அதுவே வினையாகும். பாய்க்கு அடியில் சிக்கியவர் மூழ்கி வெளியே வர வேண்டிய நேரத்தில், உப்பிய ஜாக்கெட் அவரை மேல்நோக்கி அழுத்தி அங்கேயே நிறுத்திவிடும். ஏரிக்கும் துறைமுகத்துக்குள் ஓட்டுவதற்கும் நுரை வைத்த மிதவைச் சட்டை, ஆழ்கடலுக்குக் காற்று நிரம்பும் ஜாக்கெட் என்பதே அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு.

அளவு அதைவிட முக்கியம். பெற்றோர் பள்ளிச் சீருடைக்குச் செய்வது போல, அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்குகிறார்கள். தொளதொளப்பான சட்டை நீரில் மேலே ஏறி முகத்தை மூடும். உடம்பு கீழே வழுக்கும். சோதனை எளிது. எல்லா வார்களையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். தாடையும் காதும் சட்டைக்குள் போனால் அது வேண்டாம். சிறுவர்களுக்குக் கால்களுக்கிடையே மாட்டும் வார் இருப்பது நல்லது. நிறமும் அழகுக்காக அல்ல: நீலமும் கறுப்பும் வெள்ளையும் அலைகளுக்கிடையே மறைந்துவிடும், ஆரஞ்சும் மஞ்சளும் தெரியும்.

காற்று நிரம்பும் வகையை வாங்கினால் பராமரிப்பும் சேர்ந்து வருகிறது. உள்ளே இருக்கும் வாயுக் குப்பி இறுக்கமாகத் திருகியிருக்கிறதா, தானியங்கி விசையின் காலாவதித் தேதி எப்போது என்று பார்க்க வேண்டும். அவ்வப்போது வாயால் ஊதி ஓர் இரவு வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அது அலமாரியிலேயே வெடித்துத் திறந்துகொள்ளவும் கூடும்.

படகும் மிதக்க வேண்டும்

சிறிய படகில் முதல் உயிர்காப்பு மிதவை படகேதான். கவிழ்ந்தால் படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது என்பது எல்லாப் பயிற்சியாளர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது. தண்ணீருக்கு மேல் தெரியும் ஒரு தலையை விட, கவிழ்ந்த படகு வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஆனால் படகு மிதந்தால்தானே பிடித்துக்கொள்ள முடியும்? கிளம்புவதற்கு முன் வடிகால் துளையின் தக்கை இறுகியிருக்கிறதா, உள்ளே கட்டிய காற்றுப் பைகள் முழுதாக ஊதியிருக்கின்றனவா, அவற்றைப் பிணைத்த வார்கள் அறுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்குப் பணம் செலவில்லை. மறந்தால்தான் செலவு. கற்றுக்குட்டிகளின் படகில் பாய்மர உச்சியில் ஒரு சிறு மிதவை கட்டினால், படகு தலைகீழாகக் கவிழாமல் பக்கவாட்டிலேயே கிடக்கும். ஆழம் குறைந்து சேறு படிந்த நம் ஏரிகளில் பாய்மரம் சேற்றில் குத்திக்கொள்வதையும் அது தடுக்கும்.

மற்றவை சில்லறைச் சாமான்கள்; ஆனால் உயிர் போகும் நேரத்தில் சில்லறை அல்ல. இறைக்கும் குவளைக்குப் பழைய எண்ணெய் கேனை வெட்டிக்கொண்டால் போதும். ஆனால் அது கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். ஒருவர் தொண்டை வறளக் கத்துவதை விட ஊதல் சத்தம் நெடுந்தூரம் போகும். கயிற்றில் சிக்கியவரை விடுவிக்க ஒரு சிறு கத்தி தேவை. ரம்பம் போன்ற வாயும் மழுங்கிய நுனியும் உடையதை, பைக்குள் வைக்காமல், மிதவைச் சட்டையிலேயே செருக வேண்டும். படகுக்கு வெளியே கம்பியில் தொங்கி ஓட்டுபவர்கள் இடுப்பில் அணியும் வாரைச் சட்டென்று கழற்ற முடியாமல், கவிழ்ந்த படகுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் 2023 முதல், நொடியில் விடுபடும் கொக்கி உள்ள வாரைத்தான் அணிய வேண்டும் என்று சர்வதேசப் போட்டி விதிகள் கட்டாயமாக்கிவிட்டன.

உடையிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. சென்னையிலும் மும்பையிலும் எதிரி வெயில். முழுக்கை மெல்லுடை, தாடையில் கட்டும் தொப்பி, கயிறு மாட்டிய கறுப்புக் கண்ணாடி, போதுமான குடிநீர் வேண்டும். வெயிலில் தலை சுற்றியவர்தான் திரும்பும் கட்டையில் அடிபடுகிறார். 1910இல் தொடங்கிய படகுச் சங்கம் உள்ள நைனிதாலில், கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஏரியில், எதிரி குளிர். அங்கே நனைந்த பருத்தி உடை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நியோப்ரீன் ரப்பர் உடை சூட்டைக் காக்கும். எங்கேயானாலும் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. சிப்பியும் உடைந்த பாட்டிலும் நீருக்கடியில்தான் இருக்கின்றன.

கரைக்குச் சேதி

ஏரியில் பயிற்சியாளரின் விசைப்படகே போதுமான தொடர்பு. அதை ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைத் தன் உடம்பில் மாட்டியிருக்கிறாரா என்று பெற்றோர் பார்த்துக்கொண்டால் நல்லது. அவர் தடுமாறி நீரில் விழுந்தால், சுழலும் விசிறி குழந்தைகள் பக்கம் திரும்பாமல் இருக்க அது ஒன்றே வழி.

கடலில் போகிறவருக்கு நீர் புகாத உறையில் செல்போன் முதல் படி. கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554 அதில் பதிந்திருக்க வேண்டும். கரை மறைந்தால் செல்போன் பொம்மை. அங்கே வேண்டியது விஎச்எஃப் ரேடியோ. அபாய அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. இன்னும் தள்ளிப் போகிறவர்களுக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி. டோமி இயக்கியது இத்தகைய கருவியைத்தான். முறையாகப் பதிவு செய்யாத கருவி கூப்பிட்டால், கூப்பிடுவது யார் என்று மீட்பவர்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் போன்களையும் செய்திக் கருவிகளையும் அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதை, அயல்நாட்டிலிருந்து ஆசையாக வாங்கிவருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனை கெடுபிடியும் பதக்கம் வாங்கும் சிலருக்கான ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் நாட்டின் மற்ற நீர்நிலைகளைத் திரும்பிப் பார்க்கலாம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள். அவை பாய்மரப் படகுகள் அல்ல. அளவுக்கு மேல் ஏற்றியதும் சேர்ந்து கொன்றது. ஆனால் இரண்டு இடத்திலும் பலர் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. பாய்மரப் படகுச் சங்கத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விதி சுற்றுலாப் படகுத் துறைக்கு இன்னும் போய்ச்சேரவில்லை.

பாய்மரப் படகுப் போட்டிகளில் 'ஒய்' என்று ஒரு கொடி உண்டு. மஞ்சளும் சிவப்பும் சாய்வாகக் கோடிட்ட கொடி. அது ஏறிவிட்டால் மிதவைச் சட்டை அணியாதவர் போட்டியில் தொடர முடியாது. ஆனால் அதே விதிப் புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது: கொடி ஏறினாலும் ஏறாவிட்டாலும், சூழ்நிலைக்கேற்ற மிதவைச் சட்டையை அணிவது ஒவ்வொருவரின் சொந்தப் பொறுப்பு. விலையும் நிறமும் பார்த்து வாங்கிய சட்டை இருக்கைக்கு அடியில் கிடந்தால், அது படகில் ஏற்றிய இன்னொரு சுமை. வாரை இறுக்கிய பிறகுதான் அது கவசம்.