உயிர் காத்த ராபின் ஹூட்!

பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த ராபின் ஹூட் கதை உங்களுக்குத் தெரியும்தானே? அந்த ராபின் ஹூட், நிஜமாகவே ஒரு இசையமைப்பாளரின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்! எப்படி என்கிறீர்களா?

அவர் பெயர் எரிச் கோர்ன்கோல்ட். 1897ல் பிறந்தவர், ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் வளர்ந்தவர். 11 வயதிலேயே, 'பனிமனிதன்' என்ற நாட்டிய நாடகத்துக்கு இசையமைத்தார். 1910ல் அது வியன்னா அரச அரங்கில் மேடையேறியது. (நமக்கு அந்த வயதில் வாய்ப்பாடே தகராறு!)

1934ல் ஹாலிவுட் அவரை அழைத்தது. படங்கள் பேச ஆரம்பித்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கோர்ன்கோல்டின் பாணியே தனி. இருட்டு அறையில் படத்தை ஓடவிட்டு, திரையைப் பார்த்தபடியே பியானோ வாசிப்பார். கதாநாயகனுக்கு ஒரு மெட்டு, காதலுக்கு ஒரு மெட்டு என்று அங்கேயே பிறந்துவிடும்.

1938 ஜனவரியில், வியன்னாவில் இருந்தவருக்கு, 'வார்னர் பிரதர்ஸ்' நிறுவனத்திடமிருந்து தந்தி வந்தது. 'ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க வேண்டுமாம். மனைவி, இளைய மகனுடன் கப்பலேறினார். ஹாலிவுட்டில் படத்தைப் பார்த்தவர், 'முடியாது' என்று கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டார். படம் முழுக்கச் சண்டையும் ஓட்டமும்தான். தன் இசைக்கு அது சரிவராது என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து, ஆஸ்திரியாவை ஹிட்லர் மிரட்டும் செய்தி வந்தது. கோர்ன்கோல்ட் ஒரு யூதர். யூதர்களை ஹிட்லர் என்ன பாடுபடுத்தினார் என்பது தெரியுமே! ஊர் திரும்புவது ஆபத்து. வாரா வாரம் பார்த்து முடிவு செய்யலாம் என்ற நிபந்தனையோடு வேலையை ஏற்றார்.

மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. கோர்ன்கோல்டின் வியன்னா வீடு பறிபோனது. அங்கே இருந்த பெற்றோரும், மூத்த மகனும் கடைசி நேரத்தில் ரயிலேறித் தப்பினர்.

'ராபின் ஹூட்' இசைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், இசைக்கான விருது நிறுவனத்தின் இசைத்துறைத் தலைவருக்குத்தான் போகும். 1936ல் வந்த, 'அந்தோணி அட்வர்ஸ்' படத்துக்கு இசையமைத்தும் கோர்ன்கோல்டுக்கு அப்படித்தான் கை நழுவியது. இம்முறை விருது அவர் கைக்கே வந்தது. ஆனால், தன் உயிரைக் காத்த படம் என்றுதான் அவர் அதைச் சொல்வார்.

போர் முடிந்தபின், சினிமாவை விட்டு மேடை இசைக்குத் திரும்பினார். 'சினிமாக்காரர்' என்று விமர்சகர்கள் முகம் சுளித்தனர். 1957ல், பலரும் தன்னை மறந்துவிட்ட நிலையில் காலமானார்.

1972ல் அவரது பட இசை புதிதாக இசைத்தட்டில் வெளிவந்தபோது, விற்பனை அமோகம்! 1977ல் வந்த, 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்க இசையையும், கோர்ன்கோல்டின், 'கிங்ஸ் ரோ' பட இசையையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்களேன்... அண்ணன் தம்பி போல இருக்கும்!