பழைய கம்ப்யூட்டர், பழைய சர்வர்: இணைப்பது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். பழைய சர்வரில் முடங்கிக் கிடக்கும் பைல்களை மீட்க, அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் சில நேரங்களில் கை கொடுக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். அங்கே விண்டோஸ் 2000 சர்வர் ஒன்று இருந்தது. அதில் பேஜ்மேக்கரில் வடிவமைத்த பல தமிழ்ப் புத்தகங்கள். சில நூல்களின் ஆசிரியர்கள் இப்போது இல்லை. அச்சுப் பிரதிகளும் தீர்ந்துவிட்டன. ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டால் அவ்வளவும் போய்விடும்.

ஏன் பழைய கம்ப்யூட்டர்?

டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டலாமே என்று கேட்பீர்கள். அந்த சர்வரில் இருந்தது ஸ்கஸி வகை டிஸ்க். புதிய கம்ப்யூட்டர்களில் அதற்கான கனெக்டர் இல்லை.

நெட்வொர்க் கேபிள் வழியாகவும் நேரடியாக எடுக்க முடியவில்லை. பைல்களைப் பகிர விண்டோஸ் 2000 பேசும் மொழி எஸ்எம்பி 1. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை வைரஸ், இந்த எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஆண்டிலிருந்து மைக்ரோசாப்ட் இதைப் படிப்படியாக விலக்கியது. விண்டோஸ் 11-ல் இது இயங்காத நிலையிலேயே வருகிறது. மீண்டும் இயக்க வழி உண்டு. ஆனால் தினமும் இன்டர்நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய நான் விரும்பவில்லை. எனவே என் பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டரை எடுத்துச் சென்றேன். அதற்கும் இதே மொழி தெரியும்.

முதலில் கேபிள்

அச்சகத்தின் இன்டர்நெட் மோடத்திலிருந்து சர்வரைப் பிரித்துவிட்டேன். விண்டோஸ் 98-க்கு 2006-லும், விண்டோஸ் 2000-க்கு 2010-லும் மைக்ரோசாப்டின் பாதுகாப்பு நின்றுவிட்டது. எனவே இரண்டும் ஒன்றோடொன்று மட்டுமே பேச வேண்டும். இடையில் ஒரு சிறிய ஸ்விட்ச் வைத்தால் சாதாரண கேபிள் போதும். ஸ்விட்ச் இல்லாமல் நேரடியாக இணைத்தால், அந்தக் கால நெட்வொர்க் கார்டுகளுக்கு கிராஸ் ஓவர் கேபிள் தேவைப்படும்.

விண்டோஸ் 98-ல் செய்ய வேண்டியவை

கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் ஐகானைத் திறக்கவும். கிளையன்ட் பார் மைக்ரோசாப்ட் நெட்வொர்க்ஸ், டிசிபி/ஐபி ஆகிய இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட் பட்டனை அழுத்திச் சேர்க்கவும். விண்டோஸ் 98 சிடியைக் கேட்கும், கையில் வைத்திருங்கள். சர்வரின் முகவரி 192.168.0.1 என்றால், இதற்கு 192.168.0.10 என்றும், சப்நெட் மாஸ்க்கில் 255.255.255.0 என்றும் கொடுக்கவும். ஒர்க்குரூப் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ரீஸ்டார்ட் செய்தபின், டாஸ் விண்டோவில் பிங் கட்டளை கொடுத்து சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள்.

பாஸ்வேர்ட் சிக்கல்

பிங் வேலை செய்தும் போல்டர் திறக்கவில்லை என்று பலர் இங்கேதான் திணறுவார்கள். சர்வரைத் திறந்தால் ஐபிசி என்ற பெயரும் டாலர் குறியுமாக ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்ட் மட்டும் கேட்கும். யூசர் நேம் கேட்காது. விண்டோஸ் 98 தொடங்கும்போது நீங்கள் கொடுத்த பெயரையே அது சர்வருக்கு அனுப்புகிறது. ஆகவே அதே பெயரிலும் பாஸ்வேர்டிலும் சர்வரில் ஒரு யூசரை உருவாக்க வேண்டும். அப்போது, அடுத்த முறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்ற வரிக்கு எதிரே இருக்கும் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் வரும் பாஸ்வேர்ட் விண்டோவை எஸ்கேப் தட்டித் தாண்டவும் கூடாது. தாண்டினால் நெட்வொர்க் கிடைக்காது.

இன்னொன்று. சர்வரில் பகிரும் போல்டரின் ஷேர் பெயர் 12 எழுத்துக்களுக்குள் இருக்க வேண்டும். நீண்டால் விண்டோஸ் 98 கண்ணுக்குத் தெரியாது. படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். மூல பைல்கள் தவறி அழியாது.

பைல்களுடன் எழுத்துருக்களும்

காப்பி செய்யும்போது பான்ட்ஸ் போல்டரை மறக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டைப் பயன்படுத்தியது. சரியான எழுத்துரு இல்லாவிட்டால் புத்தகம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். என் விண்டோஸ் 98-ல் பேஜ்மேக்கர் இருந்ததால், பைல்களை அங்கேயே திறந்து சரிபார்க்க முடிந்தது.

கடைசிக் கட்டம் எளிது. விண்டோஸ் 98-ல் பென் டிரைவுக்குத் தனி டிரைவர் தேவை என்பதால், அதன் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் மூலம் புதிய கம்ப்யூட்டரில் இணைத்தேன். ஆண்டிவைரஸ் சோதனைக்குப் பின் பைல்களை இரண்டு தனி டிஸ்க்குகளில் பதிந்து வைத்தோம்.

பழைய பைல்கள் உங்களிடமும் இருந்தால், பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே எடுத்துவிடுங்கள். அது நின்றபின் அதே வேலைக்குப் பல மடங்கு செலவாகும்.